சாலையோர வயலின் எடை

மே 9, 2023, செவ்வாய்

நேற்று பிளஸ் டூ முடிவு. தம்பி வீரையன் காலையிலேயே போன் செய்துவிட்டான். "அக்கா, பாப்பா அறுநூத்துக்கு ஐநூத்தி இருவத்தொண்ணு!" பாப்பா என்பது இலக்கியா, அவனுடைய ஒரே மகள். பொறியியல் கட் ஆஃப் போட்டுப் பார்த்தேன். இருநூற்றுக்கு 171. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டாத எண்.

இன்று அலுவலகம் முடிந்ததும் அல்வா வாங்கிக்கொண்டு மயிலாடுதுறையிலிருந்து ஊருக்குப் பேருந்து ஏறினேன். குத்தாலத்தில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு கிலோ ஜாங்கிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. கொண்டுவந்தவர் தியாகேசன். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். இன்றைக்குச் சுடரொளி பொறியியல் கல்லூரிக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கிறார்.

"மார்க் உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"நம்ம ஸ்கூல்தானே மேடம். லிஸ்ட்டு வந்துடும்."

வந்துவிடுமாம். அந்தப் பிள்ளை தன் மதிப்பெண்ணை அம்மாவிடம் சொல்வதற்குள் இவர் ஜாங்கிரிக் கடைக்குப் போயிருக்கிறார்.

கையில் ஒரு பளபளப்பான புத்தகம் கொடுத்தார். அட்டையில் கொட்டை எழுத்தில்: 96 சதவீத வேலைவாய்ப்பு.

மே 11, வியாழன்

அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். நாற்பது பக்கம். நூலகத்தில் படிக்கும் பெண், ஆய்வகத்தில் குனிந்திருக்கும் பெண், விடுதியில் சாப்பிடும் பெண் மூன்றும் ஒரே பெண். அதே கம்மல்.

மே 14, ஞாயிறு

இன்று விஷயம் வெளியே வந்தது. ஜாங்கிரி வெறும் ஜாங்கிரி இல்லை.

சுடரொளி கல்லூரியின் தாளாளர், இரண்டு கரை வேட்டியும் கட்டிப் பார்த்தவர், புறவழிச்சாலையை ஒட்டி இரண்டு வருடமாக நிலம் சேர்க்கிறார். சாலைக்கும் அவர் சேர்த்த நிலத்துக்கும் நடுவில் வீரையனின் ஒன்றரை ஏக்கர் கிடக்கிறது. அதை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தால், அரசு வழிகாட்டி மதிப்பு கையில் வருமாம். இலக்கியாவுக்கு நான்கு வருடமும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இலவசமாம். சந்தை விலையில் பாதி காணாமல் போகிறது. அந்தப் பாதிக்குப் பெயர் 'கல்வி உதவித்தொகை'.

அந்த ஒன்றரை ஏக்கர் எங்கள் அப்பா முருகையன் வாங்கியது. வாங்கியது என்றால் காசு கொடுத்து இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நின்று, பதினோரு நாள் ஜெயிலில் கிடந்து, உச்சவரம்பு போக மிஞ்சிய உபரி நிலமாகப் பட்டா வாங்கினார். நாங்கள் பண்ணையில் கூலிக்கு நட்ட மண்ணில் எங்களுக்கென்று முதலில் நட்டது அங்கேதான். இதை நான் வீரையனுக்குச் சொல்ல வேண்டுமா? போன மாதம் நிலக்கரிக்கு நிலம் கேட்கிறார்கள் என்று செய்தி வந்தபோது வேன் பிடித்துத் தஞ்சாவூர் போய் ரோட்டில் உட்கார்ந்தவன் அவன். "ஒரு பிடி மண்ணு தரமாட்டோம்" என்று தொண்டை கட்டிப்போய் வந்தான். நிலக்கரிக்குத் தரமாட்டான்; பிராஸ்பெக்டஸுக்குத் தருவான்.

"வெளியூர்க்காரன் கேட்டாத்தான் போராட்டமாடா?" என்றேன்.

"அது வேற, இது வேற. இது புள்ள படிப்பு."

"கவுன்சிலிங்ல போனா கவர்மென்ட் காலேஜே கிடைக்கும்டா. வீட்டுல முதல் பட்டதாரி. டியூஷன் ஃபீஸ் அரசாங்கமே கட்டும்."

"கிடைக்கும், கட்டும், வரும்... எல்லாம் வரும்தான்! தியாகேசன் சார் கையில குடுக்குறாரு. பக்கத்து ஊருல நாலு பேரு நெலத்தக் குடுத்து, நாலு புள்ளைங்களும் ஃப்ரீயாத்தான் படிக்குது. கண்ணால பாத்தேன்."

தம்பி மனைவி கண்ணாத்தாள் உலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணிக்கென்ன, அவங்களுக்கு எல்லாம் நம்பர்தான். பெத்து வளத்தாத் தெரியும்."

கல்யாணமாகாத நாற்பத்தாறு வயது நாத்தனாரைக் குத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. அவளுக்கு அது தெரியும். நானும் சோறு வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் கண்ணாத்தாள் சொன்னது உண்மை. எனக்கு எல்லாம் நம்பர்தான். இருபத்திரண்டு வருடமாக வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர். ஏக்கருக்கு என்ன விளைந்தது, எத்தனை கிணறு, எத்தனை மாடு என்று எண்ணி மேலே அனுப்புகிறவள். சரி, தாளாளரே, நம்பரிலேயே பார்த்துக்கொள்வோம்.

மே 17, புதன்

கிடைத்தது!

எல்லாக் கல்லூரிகளும் தரவரிசைக்காக ஒவ்வொரு வருடமும் டெல்லிக்கு ஓர் அட்டவணை அனுப்ப வேண்டும். அனுப்பியதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். சுடரொளியும் போட்டிருக்கிறது. முகப்பில் நடனமாடும் பிள்ளைகள், சிரிக்கும் தாளாளர், பறக்கும் பலூன் எல்லாவற்றையும் கடந்து, பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்.

முதலாண்டு சேர்ந்தவர்கள் 412. நான்கு வருடத்தில் முடித்தவர்கள் 187. வேலை பெற்றவர்கள் 74.

நானூற்றுப் பன்னிரண்டில் எழுபத்து நான்கு. பதினெட்டு சதவீதம். எப்படி ஐயா தொண்ணூற்றாறு ஆயிற்று? மறுபடி பளபளப்புப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். முப்பத்தொன்பதாம் பக்கத்தில், ஒரு நட்சத்திரக் குறிக்குக் கீழே: 'தகுதி பெற்றுப் பதிவு செய்த 77 மாணவர்களில்.'

எழுபத்தேழில் எழுபத்து நான்கு. ஆமாம், தொண்ணூற்றாறுதான். வகுத்தலில் பிழை இல்லை. எதால் வகுக்க வேண்டும் என்பதைத்தான் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நன்றாக விளைந்த எழுபத்தேழு பேரை ஓரமாக நிறுத்தி, அவர்களை மட்டும் எண்ணி, அதற்கு மொத்தக் கல்லூரியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வெட்கம் கெட்டவர்கள். ஆனாலும் டெல்லிக்குப் பயந்து உண்மையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

ஒருத்தி படிக்கிறாள்.

மே 20, சனி

அதே அட்டவணையில் இன்னொரு பகுதி: முழுக் கட்டணச் சலுகை பெறுவோர் எண்ணிக்கை. அரசிடமிருந்து 640 பேர். கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து 0. அதற்கு முந்தின வருடம் 0. அதற்கு முந்தின வருடமும் 0.

மூன்று பூஜ்யம். நிலம் கொடுத்த நான்கு குடும்பத்துப் பிள்ளைகள் இதில் எங்கே? ஒன்று டெல்லியிடம் பொய், அல்லது குடியானவனிடம் பொய்.

எவ்வளவு நாளாயிற்று வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்து. போன மூன்று வருடக் கவுன்சிலிங் பட்டியல்களையும் இறக்கினேன். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எந்தப் பிரிவுக்கு, எந்தக் கட் ஆஃப் வரை போயிற்று என்று கல்லூரி கல்லூரியாக இருக்கிறது. எங்கள் பிரிவுக்கு 171-ல் என்னென்ன கிடைத்தது என்று மட்டும் வடிகட்டினேன். மூன்று வருடம், இருபத்திரண்டு பக்கம். ஹாஜா மைதீன் கடையில் பிரின்ட் எடுத்தேன். மயிலாடுதுறை பேருந்து நிலையத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கும் தம்பி. "என்னக்கா, தேர்தல்ல நிக்கிறீங்களா?" என்றான்.

நாளை ஊருக்குப் போகிறேன். முகத்தைப் பார்க்க வேண்டும், வீரையன் முகத்தை.

மே 21, ஞாயிறு

பார்த்தேன்.

இருபத்திரண்டு பக்கத்தையும் பாயில் பரப்பி, ஆசிரியை மாதிரி ஸ்கேல் வைத்துக் காட்டினேன். 412, 187, 74. மூன்று பூஜ்யம். இலக்கியா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரையன் கடைசிவரை கேட்டான். பிறகு சிரித்தான்.

"இதெல்லாம் யாரு போடுறது?"

"காலேஜ்காரங்களே டெல்லிக்குக் குடுத்ததுடா."

"அப்ப பொய்யாத்தான் இருக்கும். புத்தகத்துல பொய்னு சொல்ற. அதே ஆளு போட்ட இது மட்டும் நெசமா?"

"இது அரசாங்கக் கணக்கு."

"அரசாங்கக் கணக்கு!" அவன் எழுந்துவிட்டான். "இருவத்தொண்ணு சனவரில நம்ம ஊரு சம்பா பூரா தண்ணில சாஞ்சு முளைச்சுப் போச்சே, உங்க அரசாங்கக் கணக்குல என்ன போட்டீங்க? நல்ல வெளச்சல்னு போட்டீங்க. பக்கத்து ஊருக்கெல்லாம் இன்ஸூரன்ஸ் வந்துச்சு. நமக்கு வந்துச்சா? ராசம்மா அக்கா அந்த வருசந்தான் மாட்ட வித்துச்சு. எந்த ஆபீஸர் எங்க உக்காந்து எழுதுனானோ! நம்பராம் நம்பரு."

எந்த ஆபீஸரோ.

நான் காகிதங்களை அடுக்கினேன். அடுக்கும்போது பக்க எண் மாறிப்போயிற்று. பேருந்தில் வரும்போது சரி செய்தேன்.

மே 22, திங்கள்

புல எண் 114/2. இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

மே 25, வியாழன்

எழுதிவிடுவதே நல்லது. வேறு எங்கே எழுத?

ஒவ்வொரு போகமும் ஊருக்கு ஊர் சில வயல்களைக் குலுக்கல் எண்ணில் தேர்ந்தெடுத்து அறுத்து எடை போடுவோம். எந்தப் புல எண், அதில் தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை காலடி உள்ளே என்பதுகூடக் குலுக்கல் சொன்னபடிதான். அங்கே நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுக்க வேண்டும். அந்த எடைதான் மொத்த ஊரின் விளைச்சல். அதை வைத்துத்தான் காப்பீடு.

2021 ஜனவரியில் எங்கள் ஊருக்கு வந்தது 114/2. கடைமடை. ராசம்மாள் வயலுக்குப் பக்கம். வாய்க்கால் உடைந்து ஒரு கிலோமீட்டர் வரப்பு தண்ணீருக்குள் கிடந்தது. சாலையில் நின்று பார்த்தேன். சாலையை ஒட்டி, மேட்டில், ஒரு வயல் மட்டும் சாயாமல் நின்றது. என் காலில் புதுச் செருப்பு. உடன் வந்த ஆள் சொன்னான்: "இதுலயே போட்டுக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான்." உண்மைதான், எல்லோரும் அப்படித்தான்.

அங்கே முளை அடித்தோம். முறையாகக் கயிறு கட்டி, முறையாக அறுத்து, முறையாக எடை போட்டோம். பன்னிரண்டு கிலோ இருநூறு. படிவத்தில் புல எண் 114/2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எடையில் பொய் இல்லை. வயல்தான் வேறு.

இரண்டு வருடமாக இதை 'நடைமுறைச் சிரமம்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போன வாரம் எழுபத்தேழு பேரை ஓரமாக நிறுத்தியவர்களை வெட்கம் கெட்டவர்கள் என்று எழுதியிருக்கிறேன். அதே பேனா.

மே 30, செவ்வாய்

கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 4. நிலம் போகட்டும், விண்ணப்பமாவது போட்டு வைக்கலாம் என்று கண்ணாத்தாளிடம் சொன்னேன். "போட்டா போடுங்க, அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். அவளுக்கும் உள்ளே உறுத்துகிறது போல. சான்றுகளின் நகலை மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு ஹாஜா கடைக்குப் போனேன். படிவத்தில் அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என்று இருக்கிறது. யாராவது பட்டதாரியா?

"அத்தை இருக்கேனேப்பா" என்றேன்.

"அத்தை கணக்குல வராதுக்கா. நல்லதாப் போச்சு!"

நல்லதாய்த்தான் போயிற்று. இருபத்தைந்து வருடமாகப் பட்டம் வைத்திருக்கிறேன். அரசாங்கக் கணக்கில் நான் அந்த வீட்டிலேயே இல்லை.

ஹாஜா தட்டச்சு செய்துகொண்டே கேட்டான்: "சுடரொளிக்காக்கா? போன ரெண்டு வருசத்துல அங்க நாலு பேருக்கு இதே சர்டிபிகேட் நான்தான் போட்டேன். தியாகேசன் சார்தான் கூட்டியாந்தாரு. கவுன்சிலிங்ல அந்தக் காலேஜ மட்டும் ஃபில் பண்ணச் சொல்லி, பக்கத்துலயே நின்னாரு."

எந்த நாலு பேர் என்று கேட்டேன். பக்கத்து ஊர். அதே நாலு பேர்.

அதுதான் மூன்று பூஜ்யத்துக்கு அர்த்தம்! டெல்லியிடமும் பொய் இல்லை. பிள்ளைகளும் இலவசமாகத்தான் படிக்கிறார்கள். கட்டுவது தாளாளர் இல்லை, அரசாங்கம். கவுன்சிலிங்கில் போனால் யாருக்கும் கிடைக்கிற சலுகையை எடுத்து, தன் கை நீட்டிக் கொடுப்பதுபோல் கொடுத்து, பதிலுக்கு நிலத்தை எழுதி வாங்கியிருக்கிறார். ஒரு பைசா போகவில்லை. ஜாங்கிரி மட்டும் செலவு.

உடனே வீரையனுக்குப் போன் போட்டேன். முழுதாகச் சொல்ல விடவில்லை. "உன் நம்பரையும் உன் ஹாஜாவையும் நீயே வச்சுக்கக்கா. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி ஒம்பதாந் தேதி பத்திரம்." வைத்துவிட்டான்.

ஜூன் 3, சனி

இலக்கியா தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு மயிலாடுதுறைக்கு வந்தாள். விண்ணப்பம் போட்டோம். என் இருபத்திரண்டு பக்கத்தையும் அவள் முன் வைத்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்து வைத்திருந்தேன்.

புரட்டினாள். "அத்தை, சிவிலுக்கு எவ்ளோல முடிஞ்சிருக்கு?"

"சிவிலா? எதுக்கு?"

"எனக்கு சிவில்தான் வேணும். கதவணை, வாய்க்கால், அந்த மாதிரி. நம்ம கடைமடைக்கு ஏன் தண்ணி வரமாட்டேங்குது, வந்தா ஏன் போகமாட்டேங்குதுன்னு..."

"இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டா? அப்பா நெலத்தப் பத்திப் பேசுனாங்க. நீங்க நம்பரப் பத்திப் பேசுனீங்க."

சரியான உதை. மூன்று வருடத்துக் கட் ஆஃபும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. தாளாளர் பரவாயில்லை, அவர் ஜாங்கிரியாவது கொடுத்தார்.

சிவில் வரிகளைப் பார்த்தோம். கம்ப்யூட்டருக்கு அலைமோதும் கூட்டம் அங்கே இல்லை. செங்கிப்பட்டி அரசுக் கல்லூரியில் 171-க்குத் தாராளமாகக் கிடைக்கும். சுடரொளியில் சிவிலுக்கு அனுமதி அறுபது இடம். சேர்ந்தவர்கள் நான்கு பேர்.

ஜூன் 7, புதன்

நாளை மறுநாள் பத்திரம். அவன் என்னை நம்பமாட்டான். ஏன் நம்ப வேண்டும்?

ஜூன் 8, வியாழன்

அரை நாள் விடுப்பு. ஊருக்குப் போனேன். வீரையன் போர்செட்டில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "காயிதம் கொண்டாந்திருந்தா அப்படியே திரும்பிரு" என்றான்.

"கொண்டு வரல. ஒண்ணு சொல்லணும். இருவத்தொண்ணுல அந்தக் கணக்கு எழுதுன ஆபீஸர் நான்தான்."

மண்வெட்டி நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். 114/2, உடைப்பு, சாலையோர வயல், பன்னிரண்டு கிலோ இருநூறு. செருப்பையும் சொன்னேன். சொல்லும்போது குரல் அலுவலகக் குரலாக மாறிற்று. பிறகு அதுவும் போய்விட்டது.

வீரையன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். திட்டக்கூட இல்லை. மடையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டான். பிறகு, "ஆபீஸரு உங்கூட வேலை பாக்குற எவனோன்னு நெனச்சேன். உங்கிட்டயே வந்து பொலம்புனேன் பாரு" என்றான்.

மண்வெட்டியைக் கரையில் சாய்த்தான்.

"அப்ப அந்த எடை?"

"எடை சரிதான். வயல்தான் வேற."

"வெளைஞ்ச வயல மட்டும் பாத்து அறுத்திருக்க."

"ஆமா. தியாகேசன் சார் புத்தகத்துலயும் அதான் பண்ணிருக்காங்க. பொய்யா ஒரு நம்பரும் போடல. எனக்கு அது பாத்த உடனே ஏன் புரிஞ்சுதுன்னு நெனக்கிற? நான் பண்ண வேலைடா அது."

அவன் சேற்றுக் கையை லுங்கியில் துடைத்தான். "பக்கத்து ஊரு நாலு புள்ளைங்களும் ஃப்ரீயாப் படிக்குதுல்ல. கண்ணால பாத்தேனே."

"ஃப்ரீதான். கட்டுறது கவர்மென்ட்டு. யாரு கட்டுறாங்கன்னு நீ பாக்கல."

"நீ ரோட்டுல நின்னு பாத்த மாதிரி."

"ஆமாண்டா."

"போ அக்கா. முதல்ல இங்கேந்து போ. போறப்ப ராசம்மா அக்காகிட்ட நீயே சொல்லிட்டுப் போ. நான் சொல்லமாட்டேன்."

ராசம்மாள் வீடு பூட்டியிருந்தது. பூட்டியிருந்ததில் எனக்கு நிம்மதி. இப்படிப்பட்டவள்தான் நான்.

ஜூன் 9, வெள்ளி

மத்தியானம் கண்ணாத்தாள் போன். சார்பதிவாளர் அலுவலக வாசலிலிருந்து. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"அண்ணி, பத்திரம் நின்னுபோச்சு! இவரு போயி, நீங்க தர்ற ஃப்ரீ சீட்ட பத்திரத்துலயே எழுதுங்கன்னுட்டாரு. நாலு வருசம், டியூஷன் ஃபீஸு, ஆஸ்டலு, காலேஜு சொந்தக் காசுலேந்துன்னு அப்படியே எழுதணும்னாரு. தியாகேசன் சாரு, 'அதெல்லாம் வாய் வார்த்தைதான் வீரையா, ஐயா மேல நம்பிக்கை இல்லியா'ங்குறாரு. 'நம்பிக்கை இருக்கு சார், கவர்மென்ட் காசுலேந்து இல்லன்னு ஒரு வரி மட்டும் சேருங்க'ன்னாரு இவரு. வக்கீலு மொகத்த பாக்கணுமே! யாரு சொல்லிக் குடுத்தான்னு கத்துறாரு தியாகேசன் சாரு."

"வீரா என்ன சொன்னான்?"

"எங்க வீட்டுலயே ஒரு ஆளு இப்படித் தப்புக் கணக்கு எழுதுனதுண்டு சார், அதான் தெரியும்னாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னண்ணி அது? யாரு?" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 12, திங்கள்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். வீரையன் இன்னும் போன் எடுக்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

ராசம்மாள் இருந்தாள். அறுபத்தைந்து வயது, வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். நடுவில் அவள் நிமிரவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் அன்னைக்குக் கடைமடையில முட்டித் தண்ணில நின்னேன். நீ ரோட்டுல நின்ன. முருகையன் மவ வருவான்னு பாத்தேன். எறங்கவே இல்ல. மேட்டு வயலப் பாத்துப் போயிட்ட."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா? படிச்ச புள்ள, ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சேன்." கீரைக் காம்பை வீசினாள். "இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"அப்ப உக்காராத. போ."

போனேன்.

ஜூன் 26, திங்கள்

தரவரிசைப் பட்டியல் வந்தது. இலக்கியா எதிர்பார்த்த இடத்தில் இருக்கிறாள். தியாகேசன் இப்போது வேறு தெருவில் ஜாங்கிரி கொடுக்கிறாராம். அந்த வீட்டுக்குக் கண்ணாத்தாளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், என் இருபத்திரண்டு பக்கத்தையும் தூக்கிக்கொண்டு. பக்கங்கள் எல்லாம் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தன.

ஜூலை 14, வெள்ளி

2021 படிவத்தைப் பற்றி மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத ஏன் இப்ப கெளர்றீங்க மேடம்? பைல் மூடியாச்சு. எல்லாரும் அப்படித்தான்" என்றார். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முத்திரை போட்டார்.

ஆகஸ்ட் 23, புதன்

செங்கிப்பட்டி. அரசு பொறியியல் கல்லூரி. சிவில். முதல் பட்டதாரிச் சலுகையோடு ஒதுக்கீட்டு ஆணை வந்துவிட்டது. இலக்கியா மூன்று முறை போன் செய்தாள். மூன்றாவது முறை பின்னால் வீரையன் குரல் கேட்டது: "அத்தைய சாப்பிட வரச் சொல்லு." போனை வாங்கிப் பேசவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

குறுவை அறுவடைப் பரிசோதனை. ஆற்றில் தண்ணீர் போதாமல் கடைமடை காய்ந்துகிடக்கிறது. குலுக்கலில் எங்கள் ஊருக்கு இந்த முறை வந்தது 121/1. வாய்க்கால் முடிகிற இடம். சாலையோரத்தில், போர்த் தண்ணீரில், பச்சையும் மஞ்சளுமாக இரண்டு வயல் நன்றாகவே நிற்கின்றன. உடன் வந்த ஆள் அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.

121/1-ன் மூலையில் வீரையன் நின்றுகொண்டிருந்தான். அவன் வயல் இல்லை அது. இலக்கியாவிடம் தேதி சொல்லியிருந்தேன், அவள் சொல்லியிருப்பாள். அளவு நாடாவின் ஒரு முனையை வாங்கிக்கொண்டான்.

தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் நாற்பத்து மூன்று காலடி. நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். அவனும் வாய்க்குள் எண்ணினான். குறுக்கே பதினேழு. நான்கு முளை அடித்தோம். கயிற்றுக்குள் பாதி பதர்.

அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் ஏற்றும்போது வரப்பில் ராசம்மாள் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"எவ்ளோடி?"

"மூணு கிலோ எழுநூத்தம்பது."

"எழுது" என்றாள்.

எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்குள் மேலதிகாரி போன். "மேடம், எங்க இருக்கீங்க? போன வருசத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி பாத்துக்கங்க."

"வயல்ல இருக்கேன் சார்" என்றேன்.

திரும்பும்போது வீரையன் முன்னால் நடந்தான். வெடிப்பு பெரிதாக இருந்த இடத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினான்.